ஓடுகிற நாடா

புதுக் கேமராவுக்குக் கண் சீக்கிரமே பழகிவிட்டது. இடதுகைக் கட்டைவிரல்தான் இன்னும் பழகவில்லை. பழைய நிக்கான் டி90-ல் ஐஎஸ்ஓ பட்டன் பின்பக்கத் திரைக்கு இடப்புறம், மேலிருந்து கீழாக வரிசைகட்டி நிற்கும் பட்டன்களில் ஒன்று. வெளிச்சம் குறைகிறது என்று மனசுக்குப் படுவதற்கு முன்பே விரல் அங்கே போய் அழுத்திவிடும். வலதுகை சக்கரத்தை உருட்டிவிடும். இப்போது கையில் இருக்கும் இசட்5-ல் அந்தப் பட்டன் மேலே, ஷட்டருக்குப் பக்கத்தில், வலதுகை ஆள்காட்டி விரலின் பொறுப்பில் இருக்கிறது. இடதுகை லென்ஸைத் தாங்கிக்கொண்டிருந்தால் போதும். இருந்தாலும் குமாரபாளையத்துத் தறிப்பட்டறை ஒன்றுக்குள் நுழைந்து, வெயிலில் கூசிய கண் உள்ளே தெளிவதற்குள், அந்தக் கட்டைவிரல் தானாக நகர்ந்து ஒன்றுமில்லாத இடத்தைத் தடவிக்கொண்டிருக்கும்.

தறி ஓட்டுகிற அக்கா ஒருவர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். பட்டறைக்குள் பேச்சு காதில் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் பாதிப் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். டீ நேரத்தில் வெளியே வந்ததும் கேட்டார். "என்னங்க தம்பி, கை எதையோ தேடிட்டே இருக்குது?" விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அது உடனே பிடிபட்டது. விசைத்தறியில் கைப்பிடி சில தறிகளுக்கு இடது பக்கமும் சிலவற்றுக்கு வலது பக்கமும் இருக்கும். நடுவில் ஒருவரே நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளத் தோதாக அப்படிச் செய்திருக்கிறார்கள். "தறி மாத்தி உட்டாங்கன்னா எங்களுக்கும் அதேதானுங்க. நூல் அறுந்ததும் கை பழைய கைப்பிடிக்குத்தான் போவும். அதா ஒரு நாளைக்கு மறந்துரும் பாருங்க" என்றார். எந்தக் கேமராப் புத்தகத்திலும் இதைவிடத் தெம்பான வார்த்தையை நான் படித்ததில்லை.

டி90 சந்தைக்கு வந்தது 2008-ல். டிஎஸ்எல்ஆரில் வீடியோவும் எடுக்கலாம் என்று முதலில் காட்டிய பாடி அது. என்னிடம் வரும்போது ஏற்கெனவே யாரோ கல்யாணம் காதுகுத்தெல்லாம் எடுத்து ஓய்ந்திருந்தார். பிடிமான ரப்பர் ஒரு மூலையில் கிளம்பியிருந்தது. அதில் 50 எம்எம் 1.8 டி லென்ஸ் ஒன்றை மாட்டி வருஷக்கணக்கில் அதை மட்டுமே வைத்து எடுத்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன லென்ஸ். அதற்குள் மோட்டார் கிடையாது. ஃபோகஸ் செய்கிற மோட்டார் பாடிக்குள் இருக்கும். திருப்புளி முனை மாதிரி ஒரு சின்னத் தண்டு வெளியே நீண்டு லென்ஸைத் திருப்பும். 'ஸ்ரீக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் நின்றால் ஃபோகஸ் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

1959-லிருந்து நிக்கான் தன் லென்ஸ் மவுண்டை மாற்றவில்லை. 2018-ல் இசட் வரிசையோடு மாற்றியது. பழைய பாடியில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் சென்சாருக்கும் 46.5 மில்லிமீட்டர் இடைவெளி. நடுவே கண்ணாடி ஒன்று மேலும் கீழும் ஆட வேண்டுமே, அதற்கான இடம். கண்ணாடி போய்விட்டதால் புதியதில் 16 மில்லிமீட்டர் போதும். மிச்சமிருக்கும் முப்பது மில்லிமீட்டரை நிரப்புவதற்கு ஒரு அடாப்டர். அதன் வழியாக என் பழைய 50 எம்எம் ஒழுங்காக உட்காருகிறது, படமும் விழுகிறது. ஆனால் அதைத் திருப்புவதற்கான மோட்டாரும் தண்டும் இப்போது எங்கேயும் இல்லை. கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஆள் முகத்தைத் தானே கண்டுபிடித்துக் கண்ணில் கட்டம் போடுகிற கேமரா; அதில் இந்த லென்ஸை மாட்டினால் நான் தாத்தா காலத்துக்குப் போய் வளையத்தைத் திருகிக்கொண்டிருக்கிறேன். தெளிவான விளிம்புகளில் வியூஃபைண்டர் ஒரு வண்ணக்கோடு போட்டுக் காட்டும், அது ஒரு உதவி. புது லென்ஸ் வாங்கிவிடுங்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வாங்கலாம்தான். எனக்கென்னவோ இந்த வளையத்தைத் திருகும்போதுதான் எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் கண்முன் வருகிறார்.

அவர் திருகுகிற விதமே தனி. முதலில் வேண்டுமென்றே கலங்கலாக்கிக்கொள்வார். பிறகு தெளிவைத் தாண்டிப் போவார். அதற்குப் பிறகுதான் திரும்பி வந்து நிறுத்துவார். "தாண்டிப் பாத்தாத்தான் கண்ணு எங்க நிக்கோணும்னு தெரியும்" என்பார். சாயம் போன திரைச்சீலை, அதில் ஒரு மாடிப்படி, ஒரு நிலா. பின்னால் இருட்டறை. அதிலிருந்து அவர் வெளியே வரும்போது புளிப்பும் கந்தகமும் கலந்த ஒரு வாசனை கூடவே வரும். அலமாரியில் ஊட்டியிலிருந்து வந்த 'இந்து' பேப்பர் டப்பாக்கள் அடுக்கியிருக்கும். உதகமண்டலத்து ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1960-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். கறுப்பு வெள்ளை ஃபிலிம், பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அந்தக் குளிரில் தயாராகி நம் சமவெளியின் வெயிலுக்கு இறங்கி வந்தன. காலியான டப்பாக்களை அவர் தூக்கிப் போடமாட்டார். நெகட்டிவ்களை வெண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, நம்பர் எழுதி, அதற்குள் அடுக்கிவைப்பார். ரசீதில் அந்த நம்பர் இருக்கும். "எப்ப வேணும்னாலும் வந்து காப்பி போட்டுக்கலாமுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியனுப்புவார்.

அவர் நிறையப் பேசியது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸைப் பற்றி. அதை நிறுவிய டி.ஆர். சுந்தரத்தின் பெயரில் இருக்கும் முதலெழுத்து திருச்செங்கோடு, நமக்குப் பக்கத்து ஊர். ஜவுளிக் குடும்பத்துப் பிள்ளை. இங்கிலாந்தின் லீட்ஸுக்குப் போய் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். வந்தவர் நூலை விட்டுவிட்டு ஃபிலிமைப் பிடித்துக்கொண்டார். ஏற்காடு அடிவாரத்தில் இருந்த அந்த ஸ்டூடியோவிலிருந்துதான் 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' வந்தது; 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தது. ஸ்டூடியோக்காரர் அந்தப் படத்தைச் சிறுவயதில் பார்த்தவர். கதையை ஒருநாளும் சொன்னதில்லை. அந்தச் சிவப்பு எப்படி இருந்தது, அந்தப் பச்சை எப்படி இருந்தது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சாயப்பட்டறைகள் நிறைந்த ஊர்க்காரருக்கு அது இயல்புதானே.

தறிப்பட்டறைக்குத் திரும்புகிறேன். புதுப் பாடியில் எனக்கு இருந்த பெரிய கவலை பஞ்சு. விசைத்தறி ஓடும் கூடத்தில் நூலிலிருந்து உதிர்கிற பஞ்சுத்தூசி நில்லாமல் பறக்கும். ஒட்டடையில், டியூப்லைட் மேல், ஓட்டுபவர்களின் புருவத்தில் எல்லாம் வெள்ளையாகப் படியும். பழைய பாடியில் லென்ஸைக் கழற்றினால் முதலில் கண்ணாடி, அதன் பின்னால் மூடிய ஷட்டர், அதற்கும் பின்னால்தான் சென்சார். இதில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் திறந்து கிடக்கிறது, நேராகப் பார்க்கலாம். அதனால் பட்டறைக்குள் லென்ஸ் மாற்றுவதே கிடையாது என்று வைத்துக்கொண்டேன். தெருவுக்கு வந்து, கேமராவை ஆஃப் செய்து, வாயைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துப் பிடித்துத்தான் மாற்றுவது. ஒரு நாளைக்கு ஒரே லென்ஸ் என்று போனால் அந்த வேலையும் இல்லை. எதை எடுக்கலாம் என்று லென்ஸ் பையைக் குடையாமல், கையில் இருப்பதற்கு என்ன அகப்படும் என்று நடக்க அது பழக்கிவிடுகிறது.

அடுத்தது டியூப்லைட். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. சோக் போட்ட பழைய குழல்விளக்கு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை பிரகாசித்து மங்கும். ஆக வினாடிக்கு நூறு துடிப்பு. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு என்று வைத்து வரிசையாக எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் ஒன்று இருட்டாகவும் ஒன்று மஞ்சளாகவும் வரும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டாலோ படம் முழுக்கக் குறுக்கே பட்டை பட்டையாக விழும், லுங்கியில் போடுகிற கோடு மாதிரி. நூறில் ஒரு பங்கு, அல்லது ஐம்பதில் ஒரு பங்கு வைத்தால் ஒரு முழுத் துடிப்பு உள்ளே வந்துவிடும். எல்லாப் படமும் ஒரே வெளிச்சத்தில் அமையும். பழைய பாடியிலும் இதே கணக்குத்தான். ஆனால் அதில் எடுத்துப் பார்த்த பிறகே தெரியும். இதில் வியூஃபைண்டருக்குள் எடுக்கும் முன்பே தெரிகிறது. கண்ணாடி வழியாக நேரடி வெளிச்சத்தைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு, உள்ளே ஒரு குட்டித் திரையைப் பார்ப்பது ஆரம்பத்தில் டிவி பார்ப்பதுபோல மனசுக்கு ஒட்டாமல்தான் இருந்தது. இந்தக் கூடத்தின் அரையிருட்டில்தான் அதன் அருமை புரிந்தது.

நூறில் ஒரு பங்கு என்பதற்கு இன்னொரு பலனும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்; முதலில் வெள்ளம் வந்த கதை.

2022 ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்தார்கள். குமாரபாளையத்தில் இந்திரா நகர், கலைமகள் வீதி என்று கரையோரத்து வீடுகளுக்குள் காவிரி வந்துவிட்டது. ஜனங்கள் பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் தங்கினார்கள். எதிர்க்கரை பவானியில் கூடுதுறைப் படிகள் தெரியவில்லை. பாலத்தில் நின்று ஊரே தண்ணீரை ஃபோனில் படமெடுத்தது. தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பியவர்கள் முதலில் பார்த்தது ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம். அதற்கடுத்து ஆல்பம்.

நனைந்த ஆல்பத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கனம் தெரியும். போட்டோ பேப்பரின் மேற்பூச்சு ஜெலட்டின், மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கிற பசை. தண்ணீர் பட்டால் உப்பும், இளகும். எதிர்ப்பக்கத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியே காயவிட்டுவிட்டால் கதை முடிந்தது, பிரித்தால் முகம் உரிந்து வரும். ஈரம் இருக்கும்போதே நல்ல தண்ணீரில் மிதக்கவிட்டு, தானாக விலக விலக எடுத்து, முகம் மேலே தெரியும்படி நிழலில் காயவைக்க வேண்டும். ஒரு வீட்டு வாசலில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்து இதைச் செய்தோம். துண்டு நெய்கிற ஊரில் விரிப்புக்குப் பஞ்சமா? ஈரிழைத் துண்டுகளை வரிசையாக விரித்து, சீர், வளைகாப்பு, மொட்டை, பூப்புனித நீராட்டு விழா எல்லாவற்றையும் பரப்பினோம். சில படங்களில் ஓரத்திலிருந்து மஞ்சளும் சிவப்பும் கரைந்து உள்ளே வந்திருந்தன. ஒரு கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை முழுசாக இருந்தார், பெண் இருந்த இடத்தில் வெறும் நிறம்தான் இருந்தது. அந்த வீட்டு அம்மா அதைத் தூக்கிப் போடவும் விடவில்லை, துடைக்கவும் விடவில்லை.

2011 மார்ச்சில் ஜப்பானில் கடல் பொங்கி ஊர்களை வாரிக்கொண்டு போனபோதும் இதுதான் நடந்தது. யமமோட்டோ என்ற ஒரு ஊரில் மட்டும் ஏழரை லட்சம் படங்கள் சேற்றிலிருந்து எடுக்கப்பட்டன. தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவி, ஸ்கேன் செய்து, உரியவர்களைத் தேடிக் கொடுத்தார்கள். ஃபிலிம் தயாரித்த ஃப்யூஜி நிறுவனமே படங்களைக் காப்பாற்றுவது எப்படி என்று ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்தது. எல்லாவற்றையும் இழந்தவர்கள் எதற்குப் போட்டோவைத் தேடினார்கள் என்று கேட்பவர்கள் இருக்கலாம். எங்கள் கரையோரத்தில் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

வெறும் நிறமாகிப்போன அந்தப் பெண்ணின் கல்யாணப் படம் கிடைத்தது, வேறொரு வீட்டில். பள்ளிபாளையத்தில் இருக்கும் அவருடைய அக்காவுக்குப் பழைய வழக்கப்படி ஒரு காப்பி கொடுத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் கல்யாணம் முடிந்தால் ஸ்டூடியோவில் போஸ்ட்கார்டு சைஸில் பல காப்பி போட்டு, கவரில் வைத்து, மாமன் வீட்டுக்கு, அத்தை வீட்டுக்கு, தூரத்து ஊர்களில் இருக்கும் பங்காளிகளுக்கு என்று அனுப்புவது ஒரு முறை. அனுப்பாவிட்டால் மனஸ்தாபமே வரும். அப்படி ஊர் ஊராகப் போன படங்கள்தான் 2022-க்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

அவற்றைக் காப்பி எடுப்பதுதான் புதுப் பாடியில் நான் மிகவும் ஒன்றிச் செய்கிற வேலை. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படத்தை மேசையில் வைத்து, கேமராவை அதற்கு நேர்மேலே ஸ்டாண்டில் மட்டமாகப் பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். ஃபிளாஷ் அடித்தால் பளபளப்பு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மோட்டார் இல்லாத அந்தப் பழைய லென்ஸ் இதற்குத்தான் பிறந்தது போலிருக்கிறது. திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வளையத்தைத் திருகுவேன். மணப்பெண்ணின் அட்டிகைக் கல்லில் போய் நிற்பேன். ஸ்டூடியோக்காரர் சொன்ன மாதிரி தாண்டிப் போய்த் திரும்பி வருவேன்.

இந்த வேலையை ஊர் முழுக்க, நாடு முழுக்கச் செய்ய வேண்டும் என்று நினைத்தவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடிப்போய் மின்னுருவாக்கியது. 1880 முதல் 1980 வரையிலான நூறு வருஷத்து முகங்கள். அதே நூலகத்தின் சேகரிப்பில்தான் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியின் படங்களும் உள்ளன. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். ராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் எடுத்து, 1858-ல் தொகுப்பாக வெளியிட்டார். அழகான படங்கள். அந்தக் கோட்டை அடிவாரத்தில் குடியிருந்த யார் கைக்காவது அதில் ஒரு பிரதி போயிருக்குமா என்பதுதான் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழுகிற கேள்வி.

இன்றைக்குப் பகிர்வது சுலபம். எடுத்த நிமிஷத்தில் கேமராவிலிருந்து ஃபோனுக்கு, ஃபோனிலிருந்து வாட்ஸ்அப்புக்கு. ஆனால் இசட்5-ன் படம் நீளவாக்கில் ஆறாயிரம் பிக்சல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் ஆயிரத்து அறுநூறு அளவுக்குச் சுருங்கிப் போய்ச் சேரும். கைக்குள் பார்க்க அது தாராளம். ஆறு அங்குலப் பிரின்ட் வரை சமாளிக்கும். சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக்கினால் கண்ணும் மூக்கும் மெழுகாகிவிடும். 2023-லிருந்து ஹெச்டி என்று ஒரு வசதி வந்திருக்கிறது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே முழுசாகப் போகும். இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் பெரியவர்களின் நல்ல படம் தேவைப்படுகிற நாள் அவசரமான நாளாகத்தான் இருக்கிறது. குடும்பப் படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டி, ஃபிளெக்ஸுக்குப் பெரிதாக்கி, அடையாளம் தெரியாமல் ஒட்டப்பட்ட எத்தனையோ அஞ்சலிச் சுவரொட்டிகளை ஊருக்குள் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மட்டும் பிரின்ட் போட்டுக் கொடுத்தால்தான் படம் எடுத்த வேலை முடிந்ததாகத் தோன்றுகிறது. ஃபோன் மாறும், நம்பர் மாறும். பட்டறைச் சுவரில் ஒட்டிய பிரின்ட் பஞ்சு படிந்தாலும் இருக்கும்; துடைத்தால் முகம் தெரியும்.

தறி ஓட்டுகிற அந்த அக்காவுக்கு இரண்டு படம் போட்டுக் கொண்டுபோனேன். இரண்டும் அவர் தறி. ஒன்று கதவோரத்து வெயிலில் மிக வேகமான ஷட்டரில் எடுத்தது. பாவு நூலுக்கு நடுவே, ஊடுநூலைச் சுமந்து ஓடுகிற நாடா அப்படியே நிற்கிறது. அதன் கூர்முனை, உள்ளே தாரில் மிச்சமிருக்கும் நூல், எல்லாம் தெரிகிறது. புதுப் பாடியின் திறமையெல்லாம் அதில் இருந்தது, எனக்கு அதுதான் பிடித்திருந்தது. இன்னொன்று டியூப்லைட் வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்கு. விசைத்தறி நாடா வினாடிக்குப் பத்து மீட்டருக்குக் குறையாமல் பாயும். அந்த நூறில் ஒரு பங்குக்குள் அது ஒரு சாண் தூரத்தில் பாதியைக் கடந்துவிடுகிறது. படத்தில் நாடா இல்லை, ஒரு வெளிறிய இழுப்பு இருக்கிறது. அவருடைய முகமும் கையும் மட்டும் துல்லியமாக இருந்தன.

முதல் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா தறி நின்ன மாதிரி இருக்குதுங்களே. தறி நின்னா எங்களுக்குக் கூலி நின்னு போச்சுங்க." இரண்டாவதைக் கையில் எடுத்தார். "இதுல ஓடுது பாருங்க" என்று அந்த இழுப்பின் மேல் விரலை வைத்தார்.

இதையே மொத்தம் மூன்று காப்பி வேண்டுமாம். அவருக்கு ஒன்று, பவானியில் இருக்கும் அம்மாவுக்கு ஒன்று, திருப்பூரில் இருக்கும் மகனுக்கு ஒன்று. திருப்பூருக்கு ஃபோனிலேயே அனுப்பலாமே என்றேன். "ஃபோன்லயும் அனுப்புங்க, காயிதத்துலயும் குடுங்க" என்றார். பக்கத்துத் தறியில் நிற்கும் பெண்ணையும் சேர்த்து ஒரு படம் வேண்டும் என்று அவர் கையைப் பிடித்து இழுத்துவந்தார். அந்தப் பெண் தன் தலையில் படிந்திருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டே, "இன்னைக்கு வேண்டாமுங்க. வெள்ளிக்கெழம தலைக்கு ஊத்திட்டு வருவேன், அப்ப எடுங்க" என்றார்.